கழுத்தருகே ஒரு ஸ்கேல்

மனித முகத்தை முந்நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்த்தால் அது முகமாகவே இருக்காது. எண்ணெய் கசியும் குழிகள், குழிக்குள் கறுப்பு, மூக்கோரத்தில் உரிந்து நிற்கும் தோல், பல்லிடுக்கில் காலையில் தின்றது, கண்ணின் மூலையில் மஞ்சளாக ஏதோ ஒன்று. ஸ்டுடியோக்காரரின் சின்ன மகள் பதினாறு வயதிலிருந்து இதைத்தான் பார்க்கிறாள். பட்டம் வாங்கினாள், அதைக் கண்ணாடி போட்டு மாட்டினார்கள், அதன் கீழேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஊராரின் மூக்குமுடியை அழித்துக்கொண்டிருக்கிறாள். சாப்பிடப் போகும் முன் சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவுவாள். தொட்டதென்னவோ மவுஸைத்தான்.

அவள் அப்பாவுக்கு அந்த அருவருப்பெல்லாம் கிடையாது. அவருக்கு அது சுகம். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, நாக்கைக் கடைவாயில் துருத்திக்கொண்டு, ஒரு பருவை ஒரே தட்டில் காணாமல் போகச் செய்யும்போது "போயிட்டான் பாரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். "என் கடையில இருந்து ஒருத்தனும் தழும்போட வெளிய போனதில்ல" என்பது அவர் முப்பது வருடமாகச் சொல்லி வருவது. அம்மைத் தழும்போடு வந்தவர்கள், தீக்காயத்தோடு வந்தவர்கள், தூங்காமல் வந்தவர்கள் எல்லோரும் அந்தக் கடையிலிருந்து ஒரே மாதிரி வழவழவென்று வெளியேறினார்கள், உரித்த முட்டையைப் போல.

பேருந்துகள் போகும் சாலையில் அந்தக் கடை. முன் அறையில் திரையும் விளக்குகளும். நடு அறையில் இரண்டு கணினிகளும் ஒரு பிரிண்டரும். அதற்குப் பின்னால் சமையல்கட்டு, மாடியில் படுக்கை. மூன்று நாளாக விடாத தூறல். துவைத்த துணியெல்லாம் நடு அறையிலேயே கொடி கட்டித் தொங்கியது. ஈரத்துணி நாற்றமும் பிரிண்டர் மையின் நாற்றமும் வெங்காயம் வதங்கும் வாசனையும் ஒன்றாகச் சேர்ந்து தொண்டையில் நின்றன.

அன்று காலை அந்த வீட்டில் இரண்டு வேலைகள் இருந்தன.

ஒன்று, பத்து மணிக்கு டீலர் வருவதாக இருந்தது. படத்தைத் திருத்தும் சாஃப்ட்வேரை இந்தப் பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் விற்றவர். கம்பெனி ஒரு விளம்பரப் படம் எடுக்கிறதாம். பல வருடமாக உபயோகிக்கிறவர்கள் தங்களுக்கு அதில் என்ன பிடிக்கும் என்று கேமரா முன்னால் சொல்ல வேண்டும். ஸ்டுடியோக்காரர் இஸ்திரி போட்ட சட்டையில் ஏழு மணியிலிருந்தே தயார்.

இன்னொன்று, மூன்று மணிக்கு மூத்த மகள் குடும்ப நீதிமன்றத்து ஆலோசனை அறைக்குப் போக வேண்டும்.

பத்தொன்பது நாளைக்கு முன்னால் ஒரு சாயங்காலம் மழையில் நனைந்தபடி அவள் வந்து நின்றாள். கன்னம் வீங்கி ஒரு கண்ணை மூடியிருந்தது. கீழுதடு கிழிந்திருந்தது. கழுத்தில் விரல்கள் இருந்தன. விரல் தடம் என்று சொல்வார்கள், ஆனால் பார்த்தவர்களுக்கு விரல்கள்தான் இன்னும் அங்கே இருப்பது போலிருந்தது. மாப்பிள்ளை அவளுடைய போனைச் சுவரில் அடித்து உடைத்திருந்தான். சின்னவள் வக்கீலம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டாள். உடனே டாக்டரிடம் போங்கள், படமும் எடுத்து வையுங்கள், காயத்தின் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து எடுங்கள் என்றார் வக்கீலம்மா. டாக்டரிடம் போகவிடாமல் தாய் வாசலை மறித்து நின்றாள். "ஊர் பூரா பாக்கணுமா?" சின்னவள் படமாவது எடுக்கலாம் என்று விளக்குகளைப் போட்டாள். தன் போனில் இரண்டு தட்டுத் தட்டியிருக்கலாம். "போன்ல நிறம் மாறும்க்கா, கோர்ட்ல செல்லாதுன்னுடுவாங்க" என்று சொல்லி, கடைக் கேமராவில், ஒழுங்கான வெளிச்சத்தில், பதினோரு படம் எடுத்தாள். தொழில் தெரிந்தவளின் திமிர். அந்தத் திமிருக்குத்தான் இப்போது பதில் சொல்ல வேண்டியிருந்தது.

மறுநாள், படம்தான் இருக்கிறதே என்று டாக்டரை விட்டுவிட்டு, அக்காவை அழைத்துக்கொண்டு அவள் வக்கீலம்மாவிடம் மனு எழுதப் போய்விட்டாள். கேமராவில் இருந்த கார்டை அப்பாதான் கணினிக்கு மாற்றினார். பள்ளிக்கூட அடையாள அட்டைக்கு எடுத்த இருநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளும் அதே கார்டில்தான் இருந்தார்கள். கார்டை மாற்றியதும் சுத்தமாக அழித்துவிடுவது அவர் வழக்கம். பழைய படத்தை வைத்துக்கொள்வதும் கிடையாது. திருத்தியதை அதன் மேலேயே சேமித்துவிடுவார். "சரியானது இருக்கறப்ப தப்பானது எதுக்கு இடத்தை அடைக்கணும்?"

மாப்பிள்ளை வீட்டார் பதில் மனுவில், அவள் மேல் ஒரு விரல்கூடப் படவில்லை, கோபித்துக்கொண்டு தானாகப் போனாள் என்று எழுதியிருந்தார்கள். தன் கட்சிக்காரியின் காயத்தைத் தானே பார்த்ததாகச் சொன்னால் எடுபடாது, படம் இருந்தால் பேசலாம், இல்லாவிட்டால் மூன்று மாதம் சேர்ந்து இருந்து பாருங்கள் என்று அவனோடு அனுப்பிவிடுவார்கள் என்று வக்கீலம்மா சொல்லியிருந்தார். அக்காவின் முகத்தில் இப்போது ஒன்றுமில்லை. பத்தொன்பது நாளில் உடம்பு ஆறிப்போயிருந்தது.

பிரிண்ட் எடுப்பதற்காகச் சின்னவள் அந்தப் பதினோரு படங்களை அன்றுதான் திறந்தாள். அதுவரை திறக்க மனம் வரவில்லை.

முன் அறையில் டீலர் கேமராவை முக்காலியில் மாட்டிவிட்டு, "சார், கொஞ்சம் நிமிந்து உக்காருங்க. சும்மா மனசுல இருந்து சொல்லுங்க. இதுல உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது என்ன?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"எல்லாமே பிடிக்கும் சார்."

"எல்லாமேன்னா ஆபீஸ்ல தூக்கிக் கடாசிடுவாங்க சார். ஒண்ணு சொல்லுங்க. ஒருத்தர் லேயருன்னாரு. ஒருத்தர் அன்டூன்னாரு, வாழ்க்கையிலயும் அந்த பட்டன் இருந்தா மொத வேலையா கல்யாணத்தை அன்டூ பண்ணுவேன்னாரு. நேத்து ஒரு அம்மா, கல்யாண ஆல்பம் பண்றவங்க, குடும்பப் படத்துல இருந்து பிடிக்காத நாத்தனாரை எடுத்துட்டு அந்த எடத்துல பூந்தொட்டி வைக்கறதுதான் பிடிக்கும்னாங்க. சிரிச்சு வயிறு வலிச்சுப் போச்சு."

ஸ்டுடியோக்காரரும் சிரித்தார். பிறகு யோசித்தார்.

"எனக்குப் பிடிச்சது என்னன்னா சார், அது கேள்வி கேக்காது. ஒரு காயம் இருந்தா, இது எப்படி வந்துச்சு, யாரு பண்ணதுன்னு கேக்காது. பக்கத்துல நல்ல தோலு எங்க இருக்குன்னு மட்டும் பாக்கும். எடுத்து மேல வைக்கும். முடிஞ்சுது."

"ஆகா! சார், பிரமாதம். அப்படியே இன்னொரு தடவை, கொஞ்சம் சிரிச்ச முகமா."

நடு அறையில் சின்னவள் திரையைப் பார்த்தபடி இருந்தாள். திரையில் அவள் அக்கா இருந்தாள், பால்பவுடர் டப்பாவில் இருக்கிற பெண்ணைப் போல. கன்னம் வழவழவென்று இருந்தது. உதடு முழுதாக இருந்தது. கழுத்து நீளமாக, சுத்தமாக, கறையே இல்லாமல் இருந்தது. கழுத்தருகே அந்த ஸ்கேல் மட்டும் அப்படியே நின்றது. ஆறு சென்டிமீட்டர் ஒன்றுமில்லாததை அது ஒழுங்காக அளந்துகொண்டிருந்தது.

பதினோரு படமும் அப்படியே.

"அக்கா, இங்க வா" என்றாள்.

மூத்தவள் சமையல்கட்டிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பின்னாலேயே கரண்டியோடு தாயும் வந்தாள். மூத்தவள் ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இவ்வளவு அழகா நான் என்னிக்குமே இருந்ததில்லடி."

"சிரிக்காதக்கா."

"சிரிக்கல."

டீலர் போனில் யாரிடமோ பேசுவதற்காக வாசலுக்குப் போன நேரம் பார்த்துச் சின்னவள் அப்பாவை உள்ளே இழுத்து வந்தாள். அவர் திரையைப் பார்த்தார். உடனே கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார்.

"மொத்தமா ஓட விடற பேட்ச்ல கலந்துடுச்சு போல இருக்கு" என்றார். "ஸ்கூல் பசங்களோட சேர்ந்து ஓடியிருக்கும். மெஷினுக்கு என்ன தெரியும்? எல்லாரும் ஒண்ணுதான்."

"கார்டு?"

"அழிச்சாச்சே. அதுக்கு மேல மூணு கல்யாணமும் எடுத்தாச்சு."

"அப்பா, இது ஒண்ணுதாம்ப்பா இருந்துச்சு!"

"கத்தாத. வெளிய ஆள் இருக்கு."

ஆள் அதற்குள் உள்ளேயே வந்துவிட்டிருந்தார். "சார், ஒரு சின்ன விஷயம். ஆபீஸ்ல முன்னாடி-பின்னாடி படம் கேக்கறாங்க. திருத்தறதுக்கு முன்னாடி ஒண்ணு, திருத்தினதுக்கு அப்பறம் ஒண்ணு."

"முன்னாடி எல்லாம் நான் வச்சுக்கறதில்ல சார்" என்றார் ஸ்டுடியோக்காரர்.

"அதனால என்ன? யாருமே வச்சுக்கறதில்ல. பின்னாடியை வச்சு முன்னாடியைச் செஞ்சுடலாம். நாலு பரு போடுங்க, கண்ணுக்குக் கீழ கருவளையம் போடுங்க. விளம்பரத்துல வர்றதெல்லாம் அப்படித்தான்." திரையைப் பார்த்தார். "அட, இவங்க மூஞ்சியிலயே போடலாமே! நல்ல ஸ்கின்னு."

அவர் முன் அறைக்குப் போய் வயரைச் சுருட்ட ஆரம்பித்தார்.

முதலில் பேசியது தாய்தான். "ஏண்டி, அவர் சொல்றது சரிதானே. அழிச்சத திரும்பப் போட்டுடேன். இருந்ததைத்தானே போடறே? பொய்யா சொல்றோம்?"

"அம்மா, கேஸுக்குக் குடுக்கற படத்துல பெயின்ட் அடிக்கச் சொல்றியா?"

"உங்கப்பா அழிச்சாரு, நீ போடு. கணக்கு சரியாப் போச்சு. மூணு மணிக்குள்ள முடியுமா முடியாதா?"

மூத்தவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "முடியுமாடி?"

முடியும். அதுதான் கேவலம். சின்னவளுக்கு அது அரைமணி நேர வேலை. படத்துக்கு மேல் புது லேயர் ஒன்றைத் திறந்தாள். ஊதாவில் கொஞ்சம் பச்சை கலக்க வேண்டும், நடுவில் அடர்ந்து ஓரத்தில் மங்க வேண்டும், வீக்கத்துக்கு மேல்பக்கம் வெளிச்சம், கீழ்ப்பக்கம் நிழல். மூத்தவள் பக்கத்தில் உட்கார்ந்து விரலை நீட்டிச் சொல்லிக்கொண்டே வந்தாள். "இன்னும் கீழ. மோதிரம் பட்டது இங்க. ஆமா, அங்கதான். கண்ணு இவ்வளவு திறந்து இல்ல."

"உதட்டுல கொஞ்சமா போடு" என்றாள் தாய். "கழுத்துல வேண்டாம்."

"ஏன்?"

"கழுத்துன்னா கொல்லப் பாத்தான்னு ஆயிடும்டி. பெரிய கேஸு ஆயிடும். நாளைக்கு ஒண்ணு சேர்ற மாதிரி ஆச்சுன்னா அவன் மூஞ்சியில எப்படி முழிக்கறது?"

"கழுத்துலதாம்மா பிடிச்சான்" என்றாள் மூத்தவள்.

"பிடிச்சான். நான் இல்லேன்னா சொல்றேன்? ரெண்டு விரல் மட்டும் போட்டா போதும்னுதான் சொல்றேன்."

குழம்புக்கு உப்பு அளப்பது போலச் சொன்னாள். கரண்டி இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

பத்து நிமிடத்தில் கன்னம் வீங்கியது. நன்றாக வந்தது. அந்த மேட்டில் வெளிச்சம் விழுகிற இடத்தில் ஒரு துளி வெள்ளையை வைத்ததும் அது உயிரோடு வலிப்பது போலாகிவிட்டது. நன்றாக வருகிறதே என்று சின்னவளின் மனம் ஒரு நொடி குளிர்ந்தது. குளிர்ந்த அந்த நொடியிலேயே கையை உடுப்பில் அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"என்னடி?"

"ஒண்ணுமில்ல. கழுத்தைப் பாக்கறேன்."

கழுத்தைப் பெரிதாக்கினாள். நூறு. இருநூறு. முந்நூறு.

அங்கே தோலின் நுண்துவாரங்கள் மூன்று முக்கோணமாக இருந்தன. அதற்குச் சற்று வலப்பக்கம் அதே மூன்று துவாரங்கள். அதற்கும் வலப்பக்கம் மறுபடி அதே மூன்று. ஒரு விரலின் அகலத்துக்கு ஒரு முக்கோணம். பேட்ச் இப்படிச் செய்யாது. பேட்ச் தோலை மழுக்கும், அவ்வளவுதான். மழுக்கினாலும் காயத்தின் ஊதா நிறம் அப்படியேதான் இருக்கும். ஊதாவை எடுக்கக் கை வேண்டும். நல்ல தோலை எப்போதும் இடப்பக்கத்திலிருந்தே எடுத்து எடுத்து வைக்கிற கை. இப்படி எடுத்தால் தடம் தெரியும்ப்பா என்று அவள் நூறு தடவை சொல்லியிருக்கிறாள்.

மவுஸை விட்டுவிட்டாள்.

"அப்பா."

அவர் கொடியில் தொங்கிய ஈரத்துணிக்கு அந்தப்பக்கம் நின்றிருந்தார். முகம் தெரியவில்லை.

"இது பேட்ச் இல்லப்பா."

"பேட்ச்தான்."

"இடப்பக்கத்துல இருந்து எடுத்திருக்கு."

முன் அறையில் டீலர் பையின் ஜிப்பை மெதுவாக, சத்தமில்லாமல் இழுத்தார். "அப்ப நான் கிளம்பறேன் சார். அந்த முன்னாடி படம் மட்டும் நீங்களே ஒண்ணு செஞ்சு அனுப்பிடுங்க" என்றார். குடையை விரித்துக்கொண்டு தூறலில் இறங்கிப் போனார்.

மூத்தவள் எழுந்து போய்த் துணியை ஒதுக்கினாள். "நீங்களாப்பா?"

அவர் அவளைப் பார்க்கவில்லை. "பாக்க முடியலம்மா" என்றார். "கார்டைப் போட்டேன். பள்ளிக்கூடத்துப் பசங்க வரிசையா வந்தாங்க. திடீர்னு நீ வந்தே. அவ்வளவு பெருசா, திரை முழுக்க. என் பொண்ணு மூஞ்சி அப்படி இருக்கறத... கை தானா போச்சு. ஒரே ஒரு எடத்தை மட்டும் சரி பண்ணுவோம்னுதான் ஆரம்பிச்சேன். கன்னம் சரியானதும் உதடு உறுத்துச்சு. ஒரு படத்தைச் சரி பண்ணதும் மத்ததெல்லாம் உறுத்துச்சு. காலைல உக்காந்தவன் மத்தியானம் வரைக்கும் எந்திரிக்கல. முடிஞ்சதும்..." நிறுத்தினார். "முடிஞ்சதும் நிம்மதியா இருந்துச்சு. பழைய மாதிரி ஆயிட்டே. அன்னிக்குத்தான் சோறு இறங்குச்சு."

"எனக்கு இறங்கலையேப்பா" என்றாள் மூத்தவள். "வாயைத் திறக்க முடியாம கஞ்சியை ஸ்பூன்ல ஊத்திக்கிட்டேன். நான் மாடியிலதானே படுத்திருந்தேன். மேல வந்து ஒரு தடவை பாத்தீங்களா?"

அவர் பார்க்கவில்லை. பத்து நாள், வீக்கம் வடிகிற வரை, அவர் மாடிக்கே போகவில்லை, கடையிலேயே படுத்துக்கொண்டார். படத்தைத்தான் பார்த்தார். படத்தைத்தான் குணமாக்கினார்.

"பாசம்டி, விடு" என்றாள் தாய்.

"என்ன எழவு பாசம்மா இது!" என்றாள் சின்னவள். "அவன் அடிச்சான், இவர் துடைச்சு விட்டாரு. அவனுக்கு நாமதான் வேலை பாத்திருக்கோம். சம்பளம்கூடக் கேக்காம."

"வாயை மூடு, அப்பாகிட்டப் பேசற பேச்சா இது?"

"ரெண்டு பேரும் சும்மா இருங்க" என்றாள் மூத்தவள். திரையின் பக்கம் திரும்பி, தங்கை வரைந்த கன்னத்தைப் பார்த்தாள். "இதை எடுத்துடுடி. என் கன்னத்துல இருந்ததவிட இதுதான் நல்லா இருக்கு. அந்தப் பக்கத்து வக்கீல் ஒரிஜினல் எங்கன்னு கேட்டா, நான்தான் பொய்க்காரி ஆவேன். அப்பா அழிச்சதையே பதினோரு பிரிண்ட் போடு. ஸ்கேலோட."

"அத வச்சு என்னக்கா பண்றது?"

"அப்பா சொல்வாரு. அதுல என்ன இருந்துச்சுன்னு."

"நான் என்னத்தச் சொல்றது?" ஸ்டுடியோக்காரர் துணியைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதான் நல்லாப் பாத்தீங்க. நான்கூடக் கண்ணாடியில அவ்வளவு பெருசா பாக்கல. அடிச்சவன் சொல்ல மாட்டான். அழிச்சவர் சொல்லட்டும். எழுதிக் கையெழுத்துப் போட்டு, மூணு மணிக்குக் கூட வாங்க."

"வந்தா கடை என்னம்மா ஆகும்? கோர்ட்ல போய் நான்தான் அழிச்சேன்னு சொன்னவன் கடைக்கு எந்த ஸ்கூல்காரன் பிள்ளைங்களை அனுப்புவான்?"

"வரலைன்னா மூணு மாசம் நான் அவன் வீட்டுல இருக்கணும்ப்பா. அங்க யாரு வந்து துடைச்சு விடுவா?"

பருப்பு அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. தாய் ஓடவில்லை. சின்னவள் போய் அடுப்பை அணைத்துவிட்டு, வெள்ளைத்தாளும் பேனாவும் எடுத்து வந்து உட்கார்ந்தாள். மூத்தவள் அப்பாவின் முன்னால் நாற்காலியைப் போட்டாள். அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அதில் உட்கார்ந்தார்.

"கழுத்துல எத்தனை?" என்று மூத்தவள் கேட்டாள்.

"நாலு." தொண்டையைச் செருமினார். "நாலு இந்தப் பக்கம். கட்டைவிரல் தனியா அந்தப் பக்கம், காதுக்குக் கீழ. கட்டைவிரல் நகம் பட்ட எடத்துல தோல் பிறை மாதிரி கிழிஞ்சிருந்துச்சு."

"எழுதுடி."

"இடது கன்னத்துல வீக்கம், நடுவுல மோதிரத்தோட அச்சு. சதுரமா. கல்லு வச்ச மோதிரம். உதடு கீழ்ப்பக்கம் ரெண்டா பிளந்திருந்துச்சு. அதுதான் ரொம்பக் கஷ்டம். பக்கத்துல எடுக்கறதுக்கு நல்ல உதடு கொஞ்சம்கூட இல்ல. உன் கல்யாணப் படத்துல இருந்து எடுத்து வச்சேன். நிறம் சேரல, ரெண்டு தடவை..." சொல்லிக்கொண்டே போனவரின் குரலில் சூடு ஏறியிருந்தது. கை தன்னையறியாமல் காற்றில் பிரஷ்ஷைப் பிடித்து நகர்த்தியது. மூத்தவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கே அது தெரிந்ததோ என்னவோ, கையை மடக்கித் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார்.

"அப்பறம்?"

"காதுக்குப் பின்னாடி ரத்தம் காஞ்சு முடியோட ஒட்டியிருந்துச்சு. வலது கண்ணுல வெள்ளை முழிக்குள்ள சிவப்பா ஒரு பொட்டு. தோள்பட்டையில பல்லு."

தாயின் கையிலிருந்த கரண்டி தரையில் விழுந்தது. "பல்லா? எங்கிட்டச் சொல்லலையேடி" என்றாள்.

"நீ கேக்கலம்மா" என்றாள் மூத்தவள்.

எல்லாவற்றையும் சின்னவள் எழுதினாள். அவர் சொன்ன சொல்லை மாற்றாமல், சொன்ன வரிசையிலேயே எழுதினாள். யார் எடுத்த படம், எந்த நாள், எந்தக் கேமரா, யார் திருத்தியது, கடைசியாக, சற்று முன் அவரே சொன்னபடி, ஏன் திருத்தியது. இரண்டு பக்கம் வந்தது. பிரிண்டர் பதினோராவது படத்தைத் துப்பிவிட்டு நின்றது.

ஸ்டுடியோக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வாடிக்கையாளருக்குக் கொடுப்பதற்கு முன் ஆல்பத்தைச் சரிபார்ப்பதைப் போல, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். ஒரு இடத்தில் சென்டிமீட்டரைத் திருத்தச் சொன்னார். திருத்தினாள். கடைசி வரிக்கு வந்ததும் விரல் நின்றது.

"முடிஞ்சதும் நிம்மதியா இருந்துச்சு" என்று அங்கே இருந்தது.

"இத மட்டும் எடுத்துடலாமே" என்றார். "மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும். இது யாருக்கு வேணும்?"

மூத்தவள் படங்களை உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எனக்கு வேணும்."

பேனா அவர் கையில்தான் இருந்தது. யாரும் பிடுங்கவில்லை. அதன் முனை அந்த வரிக்கு மேலே, முதல் எழுத்தின் தலையைத் தொட்டும் தொடாமலும் நின்றது. நடு அறையில் மூன்று பெண்களும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அது அந்த வரியை விட்டுக் கொஞ்சம் கீழே, கையெழுத்துப் போடும் இடத்துக்கு இறங்கியது.